மகளுக்குப் படிவம் 4-இல் கூடுதல் கணிதம் எடுக்கலாமா?

பட்டர்வொர்த் தாய்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த என் மகள் இப்போது இங்கே மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் (இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில்) இருக்கிறாள். அடுத்த ஆண்டுக்கான விருப்பப்பாடத் தொகுப்பைத் தேர்வுசெய்யும் பாரத்தைப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தொகுப்பில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவை உள்ளன. மற்றொன்றில் கணக்கியலும் பொருளாதாரமும் உள்ளன. கணிதத்தில் அவள் 60 முதல் 70 வரை எடுக்கிறாள். கட்டட வடிவமைப்போ கணினியோ படிக்க வேண்டும் என்கிறாள், ஆனால் எதிலும் உறுதியாக இல்லை. கூடுதல் கணிதத்தில் தோற்றுப்போய் மனம் உடைந்த பிள்ளைகளை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது, அதை எடுக்காவிட்டால் எந்தெந்தப் படிப்புகளுக்குப் போக முடியாது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பிறை:

வணக்கம், அம்மா. அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்று நம் வீடுகளில் இன்னும் பேசிக்கொண்டாலும், 2020 முதல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டுப் பாடத்தொகுப்பு முறை வந்துவிட்டது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கணிதம் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். கூடுதல் கணிதம் விரும்பி எடுப்பது.

கட்டாயக் கணிதத்தை யாரும் எளிதாக எண்ணிவிட வேண்டாம். இப்போதைய பாடத்திட்டத்தில் அணிகள், கணங்கள், காப்புறுதி, வரிவிதிப்பு, கணித மாதிரியமைத்தல் வரை அதில் இருக்கின்றன. ஆனால் நுண்கணிதத்தின் இரு பகுதிகளான வகையிடலும் தொகையிடலும் அதில் இல்லை. அவை கூடுதல் கணிதத்தில்தான் வருகின்றன. அந்தப் பாடத்தில் நான்காம் படிவத்துக்கு 10 அத்தியாயங்கள், ஐந்தாம் படிவத்துக்கு 8. சார்புகளில் தொடங்கி, இருபடிச் சார்பு, மடக்கை, தொடர்வரிசை, வெக்டர் என்று வளர்ந்து, ஐந்தாம் படிவத்தில் வகையிடல், தொகையிடல், நிகழ்தகவுப் பரவல் ஆகியவற்றைக் கடந்து, நேர்கோட்டு இயக்கத்தில் முடிகிறது. அந்தக் கடைசி அத்தியாயத்தில், ஒரு பொருளின் இடப்பெயர்ச்சியை வகையிட்டால் திசைவேகம் கிடைக்கிறது, அதை மீண்டும் வகையிட்டால் முடுக்கம் கிடைக்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும்போது, தனித்தனியாகப் படித்த இயற்பியலும் கணிதமும் ஒன்றாகச் சேர்வதை வகுப்பில் எத்தனையோ முறை பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

இனி, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். பலரும் நினைப்பதுபோல வகையிடலில் அன்று. இரண்டாம் படிவத்தில் நடத்திய காரணிப்படுத்தலும் இயற்கணிதப் பின்னமும் கைவராததால்தான் நான்காம் படிவத்தில் சரிகிறார்கள். இன்றிரவே மகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்து, வந்ததை அதே எண்ணிலிருந்து 3-ஐக் கழித்த விடையால் வகுக்க வேண்டும். இதை எழுத்தைக் கொண்டு எழுதிச் சுருக்கச் சொல்லுங்கள். மேலேயுள்ள வர்க்கத்தைக் கீழேயுள்ள எண்ணோடும், 9-ஐ 3-ஓடும் தனித்தனியே அடித்துவிட்டு, எண்ணிலிருந்து 3 கழித்தது என்று எழுதினால், அடிப்படை இன்னும் உறுதிப்பட வேண்டும். சரியான விடை, அந்த எண்ணோடு 3 கூட்டியது. எண் 5 என்று வைத்துப் பார்த்தால் 16-ஐ 2-ஆல் வகுத்து 8 வரும். தவறான வழியில் 2 வரும். இதைச் செய்து, ஏன் அப்படி வருகிறது என்று உங்களுக்கு விளக்கவும் முடிந்தால், 65 மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் அனுப்புங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மொழி ஒரு கூடுதல் சுமைதான். பின்னம் என்று தமிழில் படித்ததை மலாயில் ‘பெச்சாஹான்’ என்று முதல் படிவத்தில் மாற்றிக்கொண்ட பிள்ளை, நான்காம் படிவத்தில் புதிய சொற்களை மறுபடியும் கற்க வேண்டியிருக்கிறது. நான் என் மாணவர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மலாய்ச் சொல், தமிழ்ச் சொல், ஒரு சிறு எடுத்துக்காட்டு என மூன்றையும் எழுதிவைக்கச் சொல்வேன். தொடர்வரிசை என்று ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை ‘ஜன்ஜாங்’ என்ற சொல்லைக் கண்டு மிரளுவதில்லை.

ஆறாம் படிவ மாணவி, ஜோர்ஜ்டவுன்:

அம்மா, ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வுக்கு நான் கணிதம் (டி) எடுத்திருக்கிறேன். முதல் பருவத்தில் இயற்கணிதமும் வடிவியலும், இரண்டாம் பருவத்தில் நுண்கணிதம், மூன்றாம் பருவத்தில் புள்ளியியல். முதல் அத்தியாயமே சார்புகள் என்பதால், கூடுதல் கணிதம் படித்திருந்த எனக்குத் தொடக்கம் பழகிய பாதையாக இருந்தது. வணிகம், பொருளாதாரம் நோக்கிச் செல்பவர்களுக்குக் கணிதம் (எம்) என்று வேறொரு பாடம் இருக்கிறது. என் தோழி ஒருத்தி, எஸ்பிஎம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் மெட்ரிகுலேஷனில் அறிவியல் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது கூடுதல் கணிதத்தின் தேர்ச்சியையும் பார்த்தார்கள். கணக்கியல் பிரிவுக்கு அது தேவைப்படவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பொறியாளர்:

அக்கா, ஆசிரியர் ஐயா சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நான்காம் படிவத்தின் நடுவில் கூடுதல் கணிதத்தைக் கைவிட்டவன் நான். எஸ்பிஎம் முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா சேர்ந்தேன். விட்டுவந்த வகையிடலும் தொகையிடலும் பொறியியல் கணிதம் என்ற பெயரில் அங்கே எனக்காகக் காத்திருந்தன. பத்தொன்பது வயதில், பட்டறை வேலைக்கும் அறிக்கை எழுதுவதற்கும் இடையே, மற்றவர்கள் ஈராண்டில் பழகியதை நான் சில மாதங்களில் பழக வேண்டியதாயிற்று. முடிந்தது, ஆனால் மிகவும் கடினமாக இருந்தது. ஆகவே அதை எடுக்காவிட்டால் எல்லாக் கதவுகளும் மூடிவிடும் என்று மகளை அச்சுறுத்த வேண்டாம். கட்டட வடிவமைப்போ கணினியோ என்று அவளே சொல்வதால், கணிதத்தை எப்படியும் ஒருநாள் சந்திக்கத்தான் போகிறாள். பள்ளியில், ஆசிரியரைத் தினமும் கேட்கக்கூடிய நிலையில் சந்திப்பது நல்லது என்பதே என் கருத்து. காணொளிப் பாடங்கள் வேண்டுமென்றால் கான் அகாடமியில் இயற்கணிதத்திலிருந்து நுண்கணிதம் வரை ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பட்டர்வொர்த் தாய்:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஐயா, நீங்கள் கொடுத்த கணக்கை நேற்றிரவே கேட்டேன். நீங்கள் சொன்ன அதே தவற்றைத்தான் முதலில் செய்தாள். எண் 5 என்று வைத்துப் பார் என்றதும், 8 ஏன் வருகிறது என்று அரை மணி நேரம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டாள். காரணிப்படுத்த வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்தாள். முதல் தொகுப்பையே எடுக்கிறேன் என்கிறாள், நானும் சம்மதித்துவிட்டேன். விடுமுறையில் இரண்டாம் படிவப் பாடத்தை மீண்டும் செய்ய வைக்கலாம் என்று பார்த்தால், இரவல் பாடநூலைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பிறை:

அரை மணி நேரம் உட்கார்ந்தாள் என்பதே எனக்குப் போதும், அம்மா. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்களின் மின்பதிப்பு உண்டு. மகளின் பள்ளிக் கணக்கைக் கொண்டே நுழையலாம். இரண்டாம் படிவ நூலில் காரணிப்படுத்தலும் இயற்கணிதப் பின்னமும் 2-ஆம் அத்தியாயம், சூத்திரங்கள் 3-ஆம் அத்தியாயம். அந்த இரண்டை மட்டும், நாளுக்குப் பத்துக் கணக்கு வீதம், கணிப்பானைத் தொடாமல் செய்யச் சொல்லுங்கள். பிறகு மூன்றாம் படிவத்தின் அடுக்குகளையும் நேர்கோட்டையும் ஒருமுறை பார்க்கட்டும். நான்காம் படிவ நூலை இப்போதே திறக்க வேண்டியதில்லை.