இளையோருக்கு வேண்டியது கண்காணிப்பா, பொறுப்பா?

கரும்பலகை:
இருபது ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் தானாகத் தேறிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் மனம் பதைக்கிறது. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. பெற்றோர் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். இரவில் வெளியே இருக்கும் நேரத்துக்கு வரம்பு வந்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. வீடு, பள்ளி, ஊர் மூன்றும் சேர்ந்து போட்ட வேலி அது.

திறந்தவாசல்:
எனக்கு 19 வயது, ஐயா. அங்கே பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே! நான் படித்த பள்ளியில் மாணவர் மன்றச் செயலாளராக இருந்தேன். ஓர் ஆண்டு முழுவதும் விருந்தினரை வரவேற்றேன், ஆசிரியர் எழுதித் தந்த உரையை மேடையில் படித்தேன். எந்த முடிவும் எங்கள் கையில் இல்லை. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில், சிறுவர்களுக்கு எவ்வளவு பங்கு தரப்படுகிறது என்பதைக் காட்ட எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வகுத்தார். சிறுவர்களை அலங்காரத்துக்கு நிறுத்துவதைக் கீழ்ப்படிகளில் வைத்து, அது பங்கேற்பே அல்ல என்றார். நான் அந்தப் படியில்தான் நின்றேன்.

கரும்பலகை:
உங்கள் வருத்தம் புரிகிறது, தம்பி. ஆனால் விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னை அடக்கும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுமையாக முதிர்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முடிவை விட்டு, அது தவறிப்போனால் யார் பதில் சொல்வது?

இரு பிள்ளைகளின் தாய்:
இருவருமே ஒன்றை மறக்கிறீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறினார்கள். அவர்களுக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவராவது இருந்தார். அவர் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலையும் பலருக்கு இருந்தது.

என் மூத்தவன் பதினான்கு வயதில் யாரோடும் பேசாமல் இருந்தான். அடுத்த வீட்டு முதியவர் மிதிவண்டி பழுதுபார்ப்பார். ஒரு நாள் சக்கரம் ஒன்றை இவனிடம் கொடுத்து, "முடித்துக் கொண்டு வா" என்றார். மூன்று முறை கெடுத்தான். அவர் அதை வாங்கித் தானே சரிசெய்யவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் நானாக இருந்தால் முதல் முறையே பிடுங்கியிருப்பேன்.

திறந்தவாசல்:
நான் கேட்பதும் அதுதான், அம்மா. பக்கத்தில் இருங்கள், பிடுங்காதீர்கள். ஐயா, தவறினால் பதில் சொல்லவும் எங்களை விடுங்கள். இரவு நேர வரம்பைக் கூடப் பிள்ளைகளோடு பேசி வகுக்கலாமே?

கரும்பலகை:
நேர வரம்பில் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பெரியவர்களின் கடமை. ஆனால் உரை விஷயம் என்னை உறுத்துகிறது. என் பள்ளியிலும் அதை நான்தான் எழுதித் தருகிறேன். இந்த ஆண்டு எழுத மாட்டேன்.