தோழியின் முடியைப் பற்றிக் கேட்கலாமா?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் தோழி கறுப்பினத்தவர். போன வாரம் குட்டையாக இருந்த முடி, இப்போது இடுப்பு வரை மெல்லிய பின்னல்களாகத் தொங்குகிறது. அவ்வளவு அழகு! எப்படிப் போட்டார் என்று கேட்க ஆசை. மனம் நோகுமோ என்று சும்மா இருக்கிறேன்.

பதில்: தாராளமாகக் கேளுங்கள். தொட மட்டும் வேண்டாம்.

பதில்: இந்தப் பின்னல்களைப் போடுவதுதான் என் தொழில். "ரொம்ப நல்லா இருக்கு, எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று ஆரம்பியுங்கள். பல மணி நேரம் உட்கார்ந்து போட்டிருப்பார். சவுரியை வேரடியிலிருந்தே சொந்த முடியோடு சேர்த்துப் பின்னுவோம். "தலைக்குக் குளிப்பாயா?" என்பதுதான் குத்தும். நெருக்கமான சுருளில் தலையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை எளிதில் இறங்காது. முடி வறண்டு உடையும், அதனால்தான் அடிக்கடி அலசுவதில்லை. அதை அழுக்கு என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இந்த முடியால் வேலை கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அமெரிக்காவில் இதைத் தடுக்க முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிஃபோர்னியா, அதுவும் 2019இல்தான். 'கிரவுன்' சட்டம் என்பார்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா. என் மகள் அவரைப் பார்த்தால், "ஏன் உங்க முடி இப்படி?" என்று சத்தமாகக் கேட்டுவிடுவாளே?

பதில்: அவள் வாயைப் பொத்தாதீர்கள். "அவங்களுக்குச் சுருள்முடி, உனக்கு நேர்முடி, முடி முளைக்கிற குழியோட வடிவமே வேற" என்று சாதாரணக் குரலில் அங்கேயே சொல்லுங்கள். அதட்டினால், ஏதோ கெட்ட விஷயம் என்றுதான் குழந்தை மனதில் பதியும்.