பழைய பைண்டிங்குக்குப் பொருந்தும் ஸ்கீ பூட்ஸ் சிங்கப்பூரில் கிடைக்குமா?

வணக்கம். ஜனவரி நடுவில் குடும்பத்தோடு ஜப்பானில் ஹொக்கைடோ, நிசெக்கோவுக்கு ஸ்கீ போட போகிறோம். மூன்று வாரம் முன்பு, வீவக அடுக்குமாடி வீட்டு ஸ்டோர்ரூமிலிருந்து என் பூட்ஸை எடுத்து மாட்டிப் பார்த்தேன். பக்கிளை இழுத்ததுமே கணுக்கால் பக்கம் ஓடு பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது. 2013இல் வாங்கியது, அளவு 27.5. பாலியூரித்தேன் நம்ம ஊர் ஈரக்காற்றில் வருஷக்கணக்காகக் கிடந்தால் நொறுங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒட்டிப் போட்டுக்கொள்ளும் பேச்சே இல்லை, பனியில் கால் போய்விடும்.

ஸ்கீயும், பூட்ஸை அதோடு பூட்டும் பைண்டிங்கும் அட்டாமிக் கம்பெனி, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பைண்டிங் பழசு, ஐஎஸ்ஓ 5355 தரத்துத் தட்டை அடிப்பாகத்தை மட்டும்தான் ஏற்கும். இப்போது வரும் பூட்ஸ் பெரும்பாலும் நடக்க வசதியாக வளைந்த அடிப்பாகம் கொண்ட கிரிப்வாக், அதாவது ஐஎஸ்ஓ 23223 தரம். "சலோமோன் எடுங்க அண்ணே, அதுவும் அட்டாமிக்கும் ஒரே ஆமர் ஸ்போர்ட்ஸ்தான், பொருந்தும்" என்றார் ஒரு கடைத் தம்பி. முதலாளி ஒருவர் என்றால் அடிப்பாகமும் ஒன்றாகிவிடுமா?

இரண்டு கடை ஏறி இறங்கியாச்சு. பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசெல் தளத்தில் தினமும் தேடுகிறேன், கிடைத்தது 25.5 ஒன்றுதான். வாடகை பூட்ஸ் என் அகலப் பாதத்துக்குச் சரிப்படவில்லை, போன தடவையே பட்டாச்சு.

ஐஎஸ்ஓ 5355 அடிப்பாகத்தோடு 27.5 பூட்ஸ் சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?