நிலங்காப்போர் கூட்டத்துக்கு நான் போகலாமா?

நெல்வயல்:
ஒன்பது ஆண்டுகளாக வர்ஜீனியாவில், ஆஷ்பர்னில் இருக்கிறேன். வந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளம் விளைந்தது. இன்று அங்கே தரவு மையம், இரவெல்லாம் இரைச்சல். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வாய்க்கால் வயல் மனைகளானதையும் பார்த்தவன் நான்.

ஃபாக்கியர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) விவசாய நிலங்களைக் காக்கும் குழு ஒன்று, இருநூறு ஆண்டுப் பழமையான கல்வீட்டில் கூடுகிறது. அலுவலக நண்பர் அழைக்கிறார். எனக்குக் கால் ஏக்கர்கூடக் கிடையாது. அங்கே எனக்கு என்ன வேலை? நிலத்தைக் காக்க ஏன் மாளிகையில் கூடுகிறார்கள்?

கோடைமழை:
கட்டாயம் போங்கள். முதல் முறை எனக்கும் இதே கூச்சம்தான். வீட்டுக்கார அம்மாள் எங்களை உள்ளே உட்கார வைக்கவில்லை. நேரே பின்தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார். கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி, மாடுகள், ப்ளூ ரிட்ஜ் மலை. சுற்றி வீட்டு மனைகள் வந்துவிட்டால் அந்த வீடு வெறும் கல்தான். அதைச் சொல்லத்தான் அங்கே கூடுகிறார்கள்.

ஈஸ்மென்ட் பத்திரம் என்றால் என்னவென்று அந்தத் தாழ்வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. நிலம் உடையவரிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிக்கும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறார்; பின்னால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். விட்டுக்கொடுத்த மதிப்பில் 40 சதவீதம் மாநில வருமான வரியில் சலுகையாகக் கிடைக்கும்.

நிலமில்லாதவர்களும் தேவை. 1993-இல் ஹேமார்க்கெட் அருகே, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் போர்க்களத்திலிருந்து சில மைல் தொலைவில், டிஸ்னி கேளிக்கைப் பூங்கா கட்ட முனைந்தது. பீட்மாண்ட் சுற்றுச்சூழல் கவுன்சில் முன்னின்று எதிர்த்தது, வரலாற்றாசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1994 செப்டம்பரில் டிஸ்னி பின்வாங்கியது. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும் கவுண்டி விசாரணைகளில் உங்களைப் போன்றவர்கள் எழுந்து மூன்று நிமிடம் பேசினாலும் பலன் உண்டு.

மதுரைமல்லி:
போங்கள். ஆனால் அடிமைகளின் குடியிருப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். அந்த வயல்களைத் திருத்தியவர்கள் அவர்கள். நான் போன ஒரு விருந்தில் சுவர்க் கடிகாரத்துக்குக் கால் மணி நேர விளக்கம் கிடைத்தது. அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமெரிக்காவின் நான்காவது அதிபர் மேடிசனின் மாண்ட்பிலியர் வீட்டில் 2017 முதல் நிலவறைகளிலேயே அவர்கள் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்குள்ள பழைய செங்கல்லில் அவர்களின் விரல் தடங்கள் பதிந்திருக்கின்றன. நிலத்தைக் காக்கிறோம் என்றால் அந்த விரல்களையும் சேர்த்துத்தான்.

கோடைமழை:
மல்லி சொல்வது சரி. நானும் முதல் ஆண்டே கேட்டிருக்க வேண்டும்.

நெல்வயல்:
இருவருக்கும் நன்றி. வருகிறேன் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். பதினொரு வயது மகளும் வருகிறாள். குடியிருப்பைப் பற்றிய கேள்வியைத் தானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.