அம்மாவிடம் எப்படிப் பேசுவது? கடந்துவந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சேலத்தில் வேலை. பிறந்த வீடு ஏற்காட்டில். அங்கே 2 ஏக்கர் காப்பித் தோட்டம். சென்ற டிசம்பரில், பழம் பறிக்கும் நேரத்தில், அப்பா மாரடைப்பால் போய்விட்டார். மார்ச்சில் பூ மலர வேண்டிய மழையும் எங்கள் பக்கம் பொய்த்துவிட்டது. மொட்டுகள் செடியிலேயே கருகின.

அம்மா இப்போது விளக்கேற்றுவதில்லை. எங்கள் மலைச்சாமி சேர்வராயன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். ஆண்டு தவறாமல் மே மாதத் திருவிழாவுக்குப் போய், குகைக் கோயிலுக்குள் குனிந்து நுழைந்து, சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டு வந்தவர். "கண் இருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?" என்கிறார்.

எனக்குச் சாமியை நொந்துகொள்ளத் தோன்றவில்லை. அப்பா போன இரவு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அழுதுகொண்டே ஏறினேன். அவன் துணையிருக்கிறான் என்ற நினைப்புதான் என்னை வீடு சேர்த்தது. அதை அம்மாவிடம் சொன்னால் உபதேசமாகிவிடுகிறது. அவருடைய கோபத்தையும் தவறென்று சொல்ல மாட்டேன். நம்பாதவர் யாரும் இப்படிச் சண்டை போடுவதில்லை.

இதைத் தாண்டிவந்தவர்களே, உங்களைத் திரும்ப வைத்தது எது? பேச்சா, பாட்டா, யாராவது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்ததா? படத்தை நானே திருப்பி வைக்கலாமா, அவர் கை போகும்வரை காத்திருப்பதா? ஏற்காட்டுப் பக்கம் கணவரை இழந்த அம்மாக்கள் யாரேனும் ஒருமுறை வந்து அவரோடு பேசினால் பேருதவி. சனி, ஞாயிறு நான் ஊரில் இருப்பேன், வந்து அழைத்துப்போகிறேன்.