அடிமை முதல்ல எங்கேருந்து வந்தான்? நேர்ல பார்த்ததை எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். போன மாசம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் போயிருந்தேன். மம்மி பார்க்கிற கூட்டத்துலேர்ந்து நழுவி மெசபடோமியா பக்கம் போனா, கண்ணாடிக்குள்ள ஒரு சின்னப் பெட்டி. ஊர் நகரத்து அரச கல்லறையில கிடைச்சது. (நம்ம ஊர் இல்லை, தெற்கு ஈராக்கில் இருந்த சுமேரிய நகரத்துக்குப் பேரே ஊர்.) அரை மீட்டர் நீளம்கூட வராது, வயசு சுமார் 4,500 வருஷம். நீலக்கல் பதிச்ச பின்னணியில சிப்பியில வெட்டின ஆட்கள். ஒரு பக்கம் விருந்து, மறுபக்கம் போர். போர்ப் பக்கத்துல ராஜா முன்னாடி கைதிகளைத் தள்ளிட்டு வர்றாங்க. உடம்புல துணி இல்லை, காயம் இருக்கு. தோத்தவனைக் கொல்லாம ஏன் கூட்டிட்டு வரணும்?

பதில் அவங்க எழுத்துலயே இருக்கு. ஆதி சுமேரிய எழுத்துல அடிமைப் பெண்ணைக் குறிக்க, பெண் குறியையும் மலைக் குறியையும் சேர்த்துப் போடுவாங்க. ஆணுக்கும் அப்படியே. சுமேர் சமவெளி, கிழக்கே ஜாக்ரோஸ் மலை. மலைன்னா அந்நிய நாடு. வயல் பெருகிச்சு, கம்பளி நெய்யவும் மாவரைக்கவும் ஆள் தேவைப்பட்டுது, பிடிச்சுட்டு வந்தாங்க.

* * *

அண்ணே, நான் பார்த்தது பாரிஸ் லூவ்ரில். பழைய பாபிலோன் ராஜா ஹம்முராபியோட சட்டக் கல், ரெண்டேகால் மீட்டர் உயரம், கன்னங்கரேல்னு. எங்க அப்பா சலூன் கடைக்காரர், அதனால கைடு சொன்ன 226வது விதி மனசுல ஒட்டிக்கிச்சு: எஜமானுக்குத் தெரியாம அடிமை அடையாளத்தைச் சிரைச்சு எடுக்கிற நாவிதன் கையை வெட்டணும். இப்படி விதி போட்டிருக்காங்கன்னா, யாரோ சிரைச்சு விட்டிருக்கான்னுதானே அர்த்தம்? அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "நானா இருந்தாலும் சிரைச்சிருப்பேன்டா"ன்னார்.

ஆனா எல்லாரும் மலையிலேர்ந்து வந்தவங்க இல்லை. அதே கல்லுல 117வது விதி: கடனுக்காகப் பெண்டாட்டி பிள்ளையை வித்தா, வாங்கினவன் வீட்டுல 3 வருஷம் உழைச்சுட்டு 4வது வருஷம் விடுதலை.

* * *

வயல் பெருகினதாலன்னு எழுதினதை நான் ஒத்துக்க மாட்டேன். வான்கூவர்ல இருக்கேன். அம்மா வந்திருந்தப்போ இங்க மானுடவியல் மியூசியத்துல இந்தக் கடற்கரைப் பழங்குடியான ஹைடா மக்களோட மரத்தூண்களைக் காட்டப் போனோம். அவங்க நெல்லோ கோதுமையோ விதைச்சவங்க இல்லை. சால்மன் மீன்தான் வாழ்வு. ஆனாலும் பெரிய சிடார் மரத் தோணியில போய் அடுத்தவங்க ஊரைத் தாக்கி ஆள் பிடிச்சுட்டு வருவாங்க. அடிமைக்குப் பிறந்த பிள்ளையும் அடிமைதான். அம்மா கேட்டாங்க: "அப்போ கருவாடு போட்டு வைக்கத் தெரிஞ்சாலே போதுமா?" யோசிச்சா சரிதான். சீசன்ல மீன் மொத்தமா ஆத்துல ஏறும். கெட்டுப்போறதுக்குள்ள அறுத்துக் காயவைக்கணும். அங்கதான் கை பத்தாம போகுது.

* * *

சரிங்க, வயலை வாபஸ் வாங்கிக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

* * *

நான் சொல்றது காலத்தால ரொம்பப் பின்னாடி. மேல கடன் பேச்சு வந்ததால எழுதுறேன். ராகு கேது பரிகாரத்துக்குத் திருப்பாம்புரம் போறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. நானும் பால் அபிஷேகம் முடிச்சு நேரா பஸ் பிடிக்கிற ஆள்தான். அந்தக் கோயில் கல்வெட்டு ஒண்ணைப் பத்தி அப்புறம்தான் படிச்சேன். 1201ஆம் வருஷம், மூன்றாம் குலோத்துங்கன் காலம். பஞ்சம், காசுக்கு மூணு நாழி நெல். ஒரு வேளாளரும் அவரோட ரெண்டு மகள்களும் கோயிலுக்குத் தங்களையே வித்துக்கிட்டாங்க. மூணு பேருக்கும் சேர்த்து 110 காசு.

அடுத்த தடவை போனப்போ பிராகாரத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 330 நாழி. ஒரு கலம்னா 96 நாழி. மூன்றரைக் கலம் நெல்கூட ஆகலை.