புதுப்பிப்பு: மலேசியாவின் செபராங் பிறையில் எங்கள் வீட்டுச் சாலையோரம் இன்னொருவரின் தோட்ட நிலத்தில் வரவிருக்கும் வாடகைச் சேமிப்புக் கிடங்கு

கிடங்கு நிலத்தை ஒட்டியிராத எங்களுக்கு ஆட்சேபிக்கும் உரிமை உண்டா என்ற என் கேள்விக்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 21-ஆவது பிரிவைப் படிக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. உள்ளூர்த் திட்டம் (ஒரு பகுதியின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் திட்டம்) நடப்பில் இல்லாத பகுதியில் ஊராட்சி மன்றம் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்து, ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம் தர வேண்டும்; அந்த நிலத்துக்கான அணுகுசாலை முட்டுச்சாலையாக (மறுமுனையில் வழியில்லாத சாலையாக) இருந்து, அதை நாமும் பயன்படுத்தினால், அந்த நிலத்தின் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலமும் அண்டை நிலமே. எங்கள் வீடு அதற்குள் அடங்கியது.

எதிர்பாராதது என்னவென்றால், எங்கள் நிலப்பட்டா இன்னும் மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருந்ததால் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போயிருந்தது. (பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டது எங்கள் தவறு.) ஆட்சேபக் கடிதத்திலேயே விசாரணையும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், கேட்டோம், மன்றத்தார் அழைத்தார்கள். இரைச்சலைவிட வடிகாலைப் பற்றியே அதிகம் வினவினார்கள்.

இறுதியில் லாரி நேரக் கட்டுப்பாட்டுடனும் வடிகால் நிபந்தனையுடனும் ஊராட்சி மன்றம் திட்ட அனுமதி தந்தது. ஆனால் விவசாய நிலத்தின் வகையை மாற்றுவது தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின் கீழ் மாநில அதிகாரத்துக்கு உட்பட்ட தனி விஷயம். அந்த விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை.